காசநோயும் மூளையில் ரத்த உறைவும்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கோ, அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவருக்கோ திடீரென்று வலிப்பு வருகிறது, அல்லது ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வீட்டார் கேட்கும் கேள்விகளே இங்கே இருக்கின்றன. பதில்கள் பொதுவானவை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டி.பி. நெஞ்சில் வருகிற நோய். மூளைக்கு எப்படிப் போனது?

பெரும்பாலும் நெஞ்சில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நிற்பதில்லை. கிருமி ரத்தத்தில் கலந்து கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, சிறுநீரகம் என்று எங்கு வேண்டுமானாலும் போய் ஒதுங்கும். மூளையின் மேற்பரப்பில் ஒரு சிறு பொட்டாக ஒதுங்கி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட அடங்கிக் கிடக்கும். அந்தப் பொட்டு உடைந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கிருமி கலக்கும்போது காசநோய் மூளைக்காய்ச்சல் வருகிறது. இதை 1933ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டாக் என்ற இருவர் பிணக்கூறாய்வுகளைக் கொண்டு விளக்கினார்கள். அந்தப் பொட்டுக்கு இன்றும் ரிச்சின் பெயர்தான்.

காசநோயாளிகளில் நூற்றில் ஓரிருவருக்கே இப்படி மூளை வரை போகிறது. அவர்களில் பலருக்கு இருமலே இருந்திருக்காது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், சளிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் 'சளியில் இல்லை, அப்புறம் எப்படி டி.பி.?' என்று மருத்துவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, கிருமிக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைய மூன்று வழிகள் உண்டு: குழாயின் உட்சுவர் கெடுவது, ஓட்டம் மந்தமாவது, ரத்தமே உறையும் தன்மை கூடிப்போவது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ பெயரால் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல் இது. காசநோய் மூன்றையும் செய்கிறது.

நீண்ட நாள் அழற்சியில் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற உறைபொருளை அதிகம் சுரக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் கூடுகின்றன. உறைதலைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின், புரதம் சி போன்றவை குறைகின்றன. இதோடு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து உடலில் தண்ணீர் வற்றுகிறது. நோயாளி படுத்த படுக்கையாகிறார், ரத்த ஓட்டம் மந்தமாகிறது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் இந்த நிலை நீடிக்கும், பிறகு மெல்ல மெல்லத் தணியும். 'மாத்திரை ஆரம்பித்த பிறகு எப்படி வந்தது?' என்ற கேள்விக்கு ஓரளவு இதுவே பதில்.

ஒரு டாக்டர் 'ஸ்ட்ரோக்' என்கிறார், இன்னொருவர் 'கிளாட்' என்கிறார், ரிப்போர்ட்டில் 'கட்டி' என்றும் இருக்கிறது. எல்லாம் ஒன்றா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். 'கிளாட்' என்றால் ரத்த உறைவு. 'ஸ்ட்ரோக்' என்றால் அடைப்பால் மூளை பாதிக்கப்பட்டு வரும் பக்கவாதம்.

மூளைக்குள் ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. தமனி அடைத்தால் அதை நம்பியிருந்த மூளைப் பகுதி செத்துப்போகிறது. காசநோய் மூளைக்காய்ச்சலில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது சிரை. சிரை அடைத்தால், சாக்கடை அடைத்த தெருவில் தண்ணீர் மேலேறுவதுபோல ரத்தம் பின்னால் தேங்கி, மூளை வீங்கி, சில சமயம் கசியவும் செய்யும். காசநோயில் இது அபூர்வம், ஆனாலும் வருகிறது. ரிப்போர்ட்டில் 'சைனஸ் த்ரோம்போசிஸ்' என்று இருப்பது இதைத்தான், மூக்கு சைனஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'டியூபர்குலோமா' என்பது காசநோய்க் கிருமியால் உண்டான கட்டி, அதில் ரத்த உறைவே கிடையாது.

தமனி அடைப்புக்கும் சிரை அடைப்புக்கும் மருத்துவம் வேறு வேறு. ஆகவே வார்டில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'அடைத்திருப்பது தமனியா, சிரையா?' பதிலைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற ஒவ்வொரு மருத்துவரும் அதைக் கேட்பார்கள்.

தமனி எப்படி அடைக்கிறது? கொழுப்பா?

கொழுப்புக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அதனால்தான் இருபது வயதுக்காரருக்கும், ஐந்து வயதுக் குழந்தைக்கும்கூட வருகிறது. காசநோய் மூளைக்காய்ச்சலில் மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான, பசைபோன்ற அழற்சிப் படிவு சேர்கிறது. மூளைக்கு ரத்தம் தரும் பெரிய தமனிகள் வளையமாகக் கூடுகிற இடமும் அதுவே. வளையத்திலிருந்து மேலே கிளம்பும் மயிரிழை போன்ற கிளைகள் இந்தப் படிவைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். சுவர் வீங்குகிறது, உள்வழி குறுகுகிறது, கடைசியில் அங்கே ரத்தம் உறைகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸின் முன்பகுதி, காடேட் கரு, உட்பொதியின் முன்பகுதி ஆகிய இடங்களில் அடைப்பு இருந்தால் ஸ்கேன் பார்க்கும் மருத்துவருக்குக் காசநோய் சந்தேகம் வந்துவிடும்.

காசநோய் மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் பக்கவாதம் காணும் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 15லிருந்து 57 சதவீதம் வரை வேறுபடுகிறது. சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா, எத்தனாவது வாரத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. வெளியே தெரியாத சிறு அடைப்புகளை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போதல் அல்லது விழுந்துபோதல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கூப்பிட்டால் சரியாக விழிக்காமை. இவற்றில் எதுவானாலும் 108தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏமாற்றுவது தலைவலி. காசநோய் மூளைக்காய்ச்சலின் தலைவலி ஒரே நாளில் வெடிப்பதில்லை. மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, எரிச்சல் என்று இரண்டு மூன்று வாரம் இழுக்கும். வழியில் இரண்டு முறை 'வைரல் காய்ச்சல்' மாத்திரையும் ஒரு முறை டைபாய்டு ஊசியும் போட்டிருப்பார்கள். சிரை அடைப்பின் தலைவலி படுத்தால், குனிந்தால், முக்கினால் கூடும். அதோடு பார்வை மங்குவதோ இரட்டையாகத் தெரிவதோ சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். காசநோய் மருந்துகளில் ஒன்றான எதாம்பூட்டாலும் பார்வையைப் பாதிக்கக்கூடியது. அதனால் பார்வை மங்கலை 'மாத்திரைச் சூடு' என்று நீங்களாகவே முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள். காரணம் எதுவானாலும் அன்றே கண்ணைப் பார்க்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். போதுமா?

சிரை அடைப்பில் போதாது. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி. கணிசமானவர்களுக்கு நார்மலாகவே வரும். சிரைகளை மட்டும் காட்டும் படம், அதாவது எம்.ஆர். வீனோகிராம் அல்லது சி.டி. வீனோகிராம், தேவைப்படும். இதன் மறுபக்கமும் உண்டு. பலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கத்துப் பெரிய சிரை மற்றதைவிட ஒடுங்கியிருக்கும். படத்தில் அது அடைப்புபோலவே தெரியும். ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்து இணையத்தில் தேடிப் பயப்படுவதற்கு முன், படத்தை நரம்பியல் மருத்துவர் நேரில் பார்க்கட்டும்.

முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் வராது என்கிறார்களே?

முதுகுத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்குக் கீழே. இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், கால் போகாது. மூளையைச் சுற்றியுள்ள நீர்தான் முதுகிலும் இருக்கிறது. அதில் வெள்ளணுக்கள் கூடி, புரதம் ஏறி, சர்க்கரை இறங்கியிருந்தால் காசநோய்ப் பக்கம் கை நீள்கிறது. சிபிநாட், ட்ரூநாட் என்ற மூலக்கூறு பரிசோதனைகள் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்குமா என்பதையும் சொல்லும். ஆனால் மூளை நீரில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் 'நெகட்டிவ்' வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. மற்ற அடையாளங்கள் பொருந்தினால் மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார், அதுவே சரி. இந்த நோயில் காத்திருந்து இழந்தவர்கள்தான் அதிகம்.

உறைதலைத் தடுக்கும் ஊசி ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், நீர் எடுப்பதற்கு முன் அதை நிறுத்தி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி மாறி வந்திருந்தால் இதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

முக்கியமான மருத்துவம் எது?

காசநோய் மருந்து. மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் என்று நான்கும் முதல் இரண்டு மாதம். பிறகு சில மருந்துகள் குறையும். மூளை என்றால் மொத்தம் 9 முதல் 12 மாதம், சிலருக்கு அதற்கும் மேல். நுரையீரல் காசநோயின் ஆறு மாதக் கணக்கு இங்கே செல்லாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதத்தில் முடிந்ததை வைத்து இதை நிறுத்தக் கூடாது.

தொடக்கத்தில் ஸ்டீராய்டும் சேரும். வியட்நாமில் 545 பேரை வைத்து நடத்தி 2004ல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாமெதசோன் பெற்றவர்களில் ஒன்பது மாதத்துக்குள் இறந்தவர்கள் 31.8 சதவீதம், பெறாதவர்களில் 41.3 சதவீதம். பிழைத்தவர்களின் ஊனத்தை அது குறைத்ததாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். 'ஸ்டீராய்டு ஆபத்து' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து.

ஸ்கேனில் ரத்தக் கசிவு என்கிறார்கள். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் போடுகிறார்கள். தப்பு நடக்கிறதா?

நியாயமான பயம், ஆனால் சிரை அடைப்பில் பெரும்பாலும் தப்பு இல்லை. அங்கே கசிவுக்குக் காரணமே அடைப்புதான். வெளியேற வழியில்லாத ரத்தம் அழுத்தம் தாங்காமல் கசிகிறது. அடைப்பு பெருகாமல் தடுத்தால் கசிவும் நிற்கும். ஜெர்மனியில் வெறும் 20 பேரை வைத்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியைச் சோதித்து 1991ல் வெளியிட்டார்கள். ஊசி பெற்றவர்கள் தேறுவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூளையில் கசிவு இருந்தவர்களும் அதில் தேறினார்கள். இன்று வயிற்றுத் தோலுக்கடியில் போடும் எனாக்சாபாரின் ஊசியே வழக்கமாகிவிட்டது.

தமனி அடைப்பில் கதை வேறு. காசநோயால் வீங்கி நைந்த தமனிச் சுவருக்கு இந்த ஊசி வழக்கமான மருத்துவம் அல்ல. அதனால்தான் மேலே 'தமனியா, சிரையா' என்ற கேள்விக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தேன்.

ஆஸ்பிரின் கொடுத்தால் பக்கவாதத்தைத் தடுக்கலாமாமே?

நம்பிக்கை இருக்கிறது, முடிவு இன்னும் எட்டவில்லை. லக்னோவில் 118 பேருக்கு நடந்து 2010ல் வெளியான ஆய்வில் தினம் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்றவர்களில் இறப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. பக்கவாதமும் குறைவாகவே தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலா என்று அடித்துச் சொல்ல ஆட்கள் எண்ணிக்கை போதவில்லை. சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை, இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுப்பதில் மட்டும் நியாயம் கிடையாது. ஸ்டீராய்டோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் போகலாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களைவிட அளவு மிக அதிகமாக இருக்கிறதே?

காரணம் ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அதே மாத்திரை. அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, வார்ஃபரினை வேலை செய்யுமுன்பே சிதைத்துவிடுகிறது. அதனால் வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கும், சிலருக்கு ஐந்து மடங்கு வரையும் வார்ஃபரின் தேவைப்படும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். ரிஃபாம்பிசின் தொடங்கிய முதல் வாரங்களில் அந்த எண் ஊஞ்சலாடும், அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள்.

என் கருத்தில் இந்த மொத்த விவகாரத்தில் வீட்டார் கையில் இருக்கும் பெரிய பொறுப்பு இதுதான். காசநோய் மாத்திரை ஓரிடத்தில் கிடைக்கும், வார்ஃபரின் இன்னோரிடத்தில். இரண்டு சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கே போனாலும் இரண்டையும் காட்டுங்கள். மஞ்சள் காமாலை வந்து ரிஃபாம்பிசினைச் சில நாள் நிறுத்தி வைத்தால், அன்றைக்கே வார்ஃபரின் எழுதியவருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அதிக அளவு வார்ஃபரின் மட்டும் உடம்பில் தனியாக வேலை செய்யும்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே?

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான். மற்ற நோயாளிகளுக்கு வசதிதான். ரிஃபாம்பிசின் இவற்றின் அளவையும் ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். வார்ஃபரினிலாவது எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டலாம், இங்கே பார்த்துத் திருத்த எளிய வழி இல்லை. அதனால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். எனாக்சாபாரின் ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை. குத்திக்கொள்ளவும் செலவு செய்யவும் முடியுமானால் அதையே நீட்டிப்பதும் உண்டு.

வலிப்பு மாத்திரையிலும் இப்படி மோதல் உண்டா?

உண்டு. ஃபெனிடாயினை ஐசோனியசிட் ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளைப் பொறுத்தது. வால்ப்ரோயேட் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை. லெவிடிரசிட்டாமை அதிகம் எழுதுவதற்கு இதுதான் காரணம்.

பத்தியம் என்ன?

கீரையை அடியோடு நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு, தேவையில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். ஒரு மாதம் தொடாமலிருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் எண் ஆடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, புட்டத்தில் போடும் ஊசி, உட்பொருள் தெரியாத சூரணம், லேகியம் ஆகியவை வேண்டாம். விழுந்த கைக்குப் புறா ரத்தம் தடவுகிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதனால் எந்தப் பலனும் இல்லை. அந்த நேரத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். மூளை வீக்கம் இருக்கும் நாட்களில் அளவை மருத்துவர் சொல்வார்.

பெண்களுக்குத் தனியாகக் கவனிக்க ஏதாவது?

இரண்டு. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் தன் பங்குக்குச் சிரை அடைப்பின் வாய்ப்பைக் கூட்டுகிறது. மாதவிடாயைத் தள்ளிப்போடக் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரையும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. அதோடு ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனையும் கெடுத்துவிடும். ஆபத்து மட்டும் மிஞ்சும், பயன் மிஞ்சாது. வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதால் வேறு கருத்தடை முறை கட்டாயம் வேண்டும்.

அடுத்தது பிரசவம். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் சிரை அடைப்புக்கும் காசநோய் தலைதூக்குவதற்கும் ஏற்ற காலம். சென்னை நரம்பியல் நிபுணர் கே. சீனிவாசன் கர்ப்ப, பேறுகால மூளை ரத்தக்குழாய் அடைப்பு கண்ட 135 பெண்களைப் பற்றி 1983ல் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தராமல் காயப்போடும் பத்தியம் நம் வீடுகளில் முற்றிலும் போய்விடவில்லை. தலைவலி என்று சொல்லும் பச்சை உடம்புக்காரிக்குத் தைலம் தடவிப் படுக்கவைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

மூளையில் உள்ள காசநோய் மூச்சுக்காற்றில் பரவாது. அதே ஆளுக்கு நுரையீரலிலும் இருந்தால் பரவும். எப்படியானாலும் வீட்டில் எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்தும் தருகிறார்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் சுமார்தான். குழந்தைகளை மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதில் அதன் பங்கு பெரியது.

செலவு?

காசநோய் மருந்தும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பதிவு செய்த நோயாளிக்கு நிக்ஷய் போஷண் திட்டத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் 2018லிருந்து தந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் பதிவு உண்டா என்று கேளுங்கள். காசநோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012லிருந்து கட்டாயம். இலவச உதவி எண் 1800-11-6666.

விழுந்த கை கால் திரும்புமா?

சிரை அடைப்பில் பலர் நன்றாகவே தேறுகிறார்கள். தமனி அடைப்பில் செத்துப்போன பகுதி மீளாது, அக்கம்பக்கத்துப் பகுதிகள் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். குழந்தைகள் சில சமயம் எதிர்பார்ப்பை மீறித் தேறுவார்கள், ஆனால் படிப்பிலும் கவனத்திலும் பின்னடைவு தங்கலாம். மயக்கம் ஆழமாவதற்கு முன்பே மருந்து தொடங்கியதா என்பதுதான் எல்லாவற்றையும்விட முடிவை நிர்ணயிக்கிறது. தலைக்குள் நீர் தேங்கினால் குழாய் வைக்கும் அறுவையும் தேவைப்படலாம். மருந்து தொடங்கித் தேறிவந்தவர் நடுவில் மீண்டும் மோசமாவதும் உண்டு. கிருமி செத்த பிறகும் உடலின் எதிர்ப்பு பொங்குவதால் வருவது இது. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

உறைதல் தடுப்பு மருந்து எத்தனை மாதம்? டி.பி. கோர்ஸ் முடிகிற அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

காசநோய்போல ஒரு தெளிவான காரணத்தால் வந்த சிரை அடைப்புக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம், தேவைப்பட்டால் பன்னிரண்டு வரை. பலருக்குக் காசநோய் மருந்து முடிவதற்கு முன்பே இது முடிந்துவிடும். அப்படி முடியாமல், ரிஃபாம்பிசின் நின்ற பிறகும் வார்ஃபரின் தொடர்ந்தால் அந்த மாதம்தான் கவனம். கல்லீரல் நொதிகள் இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு இறங்கும். நேற்றுவரை சரியாக இருந்த அதே மாத்திரை அளவு இப்போது மிகையாகி, ஐ.என்.ஆர். ஏறி, ஈறிலோ சிறுநீரிலோ, ஏன் மூளையிலோகூட ரத்தம் கசியலாம். கோர்ஸ் முடியும் தேதியை வார்ஃபரின் எழுதும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு மாதமாவது வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ புதிதாகத் தலைவலி வந்தாலோ அடுத்த வேளை வார்ஃபரினைப் போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.